பூனைக்குச் சிறுநீர் அடைப்பது ஏன்? சாப்பாட்டுக்கு அதில் எவ்வளவு பங்கு?

கொழும்பில் பூனை வளர்ப்பவர்களிடம் இதைக் கேட்டால் ஒன்றோடொன்று ஒத்துவராத பதில்கள் வரும். பக்கெட் தீனிதான் கல்லை உண்டாக்குகிறது என்பார் ஒருவர். இல்லை, மீன்தான் என்பார் இன்னொருவர். கருத்தடை செய்ததால் வந்தது, குழாய்த் தண்ணீரால் வந்தது என்பவர்களும் உண்டு. கடைக்குப் போனால், 'யூரினரி' என்று அச்சிட்ட பையை எடுத்துக் காட்டி, இதைப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்ததிலிருந்து இறக்குமதித் தீனி வாங்குவதே பலருக்குச் சுமையாக இருக்கும்போது, எந்தப் பையை நம்பி வாங்குவது என்ற குழப்பம் சின்ன விஷயமில்லை.

எந்த பிராண்ட் என்பது இரண்டாவது கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: ஒரு நாளைக்கு அந்தப் பூனையின் உடலுக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது? ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஆனால் அதற்கும் முன்னால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது.

## அடைத்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை

கடுவன் பூனையின் சிறுநீர் வழி பெட்டையினுடையதைவிட நீளமானது. நுனிக்கு வரும்போது அதன் உள்விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றராக ஒடுங்கிவிடும். கொஞ்சம் சளியும் மணல் போன்ற துகள்களும் சேர்ந்தாலே அங்கே அடைப்பு விழலாம்.

அடைபட்ட பூனை மணல் தட்டுக்குப் போய்க் குந்தும், முக்கும், வெளியே வரும், இரண்டு நிமிடத்தில் திரும்பப் போகும். தட்டில் ஈரமே இருக்காது, அல்லது இரண்டொரு சொட்டுக் குருதி கலந்து கிடக்கும். பின்பக்கத்தை ஓயாமல் நக்கும். வயிற்றைத் தொட்டால் கத்தும். பல வீடுகளில் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஆமணக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். மிருக வைத்தியர் கை வைத்துப் பார்க்கும்போது சிறுநீர்ப்பை முற்றிய தேசிக்காய் போல இறுகி உருண்டு நிற்கும்.

வெளியேற வழியில்லாத சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கி அழுத்தம் கொடுக்கிறது. சிறுநீரகம் வடிகட்டுவதை நிறுத்துகிறது. குருதியில் பொட்டாசியம் ஏறுகிறது. ஒன்றிரண்டு நாளுக்குள் அந்தப் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குழப்பத் தொடங்கும். வாந்தி, சோர்வு, உடல் குளிர்தல் எல்லாம் அந்தக் கட்டத்தின் அடையாளங்கள். அப்படியே விட்டால் சில நாளுக்குள் உயிர் போய்விடும். மயக்கம் கொடுத்துக் குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவதும், நாளத்தின் வழியாகத் திரவம் ஏற்றுவதும், பொட்டாசியத்திடமிருந்து இதயத்தைக் காக்கும் மருந்துமே இதற்குச் சிகிச்சை. அது வீட்டில் நடக்கிற காரியமில்லை.

வீட்டில் செய்யவே கூடாதவை:

1. பனடோல் கொடுப்பது. பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரு வில்லையே கொல்லப் போதும்.
2. செவ்விளநீர் பருக்குவது. நமக்குச் சலக்கடுப்பு வந்தால் இளநீரும் பார்லித் தண்ணீரும் குடிக்கிறோம், அதே பாசத்தில் பூனைக்கும் ஊற்றிவிடுகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே பொட்டாசியத்தால் திணறும் இதயத்துக்கு அது ஆபத்து.
3. வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பார்ப்பது. சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

கடுவன் பூனை பல தடவை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் நடுச்சாமமானாலும் அன்றே கொண்டு போக வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்து இழந்த பூனைகள் எத்தனையோ.

## வறண்ட நிலத்து விலங்கின் சிறுநீரகம்

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. அது எலி, பறவை, ஓணான் பிடித்துத் தின்னும். இரையின் உடலில் நூற்றுக்கு 70 பங்கு தண்ணீர்தான். குடிப்பதற்கென்று ஓடை தேடிப் போக வேண்டிய தேவை அதற்குக் குறைவு. எனவே பூனையின் உடலில் இரண்டு குணங்கள் ஊறிவிட்டன. ஒன்று, தாகம் மந்தம். மற்றது, சிறுநீரைச் சுண்டக் காய்ச்சியது போல அடர்த்தியாக்கி, தண்ணீரை உடலுக்குள்ளேயே மிச்சம் பிடிக்கும் திறன்.

இரை தின்னும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. உலர் தீனி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து, சுமார் 200 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும்.

ஈரத் தீனி மட்டும் தின்றால் அது நாளுக்கு 200 முதல் 250 கிராம் வரை தின்னும். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தேவையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

உலர் தீனி மட்டும் என்றால் 55 கிராம் அளவில் வயிறு நிறைந்துவிடும். அதிலுள்ள தண்ணீர் ஏறத்தாழ 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. மிச்சம் முழுவதையும் கிண்ணத்திலிருந்து நக்கிக் குடிக்க வேண்டும். உலர் தீனி தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் மொத்தத் தண்ணீர், ஈரத் தீனி தின்னும் பூனையின் அளவை எட்டுவதில்லை.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறையும், அடர்த்தி ஏறும். அடர்ந்த சிறுநீரில் தாதுக்கள் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகப் பிரியும். குறைவான சிறுநீரைப் பூனை நாளுக்கு ஒன்றிரண்டு தடவைதான் கழிக்கும். அதனால் பிரிந்த படிகங்கள் பைக்குள் நீண்ட நேரம் தங்கி வளர வாய்ப்புக் கிடைக்கிறது. எந்த வகைக் கல்லானாலும் இந்த வழி பொதுவானது. தண்ணீரை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

## எல்லாமே கல் இல்லை

குருதி கலந்து, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் போனால் உடனே 'கல்' என்று சொல்லிவிடுகிறோம். அதே அறிகுறிகளுக்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். சாப்பாட்டின் பங்கும் ஒவ்வொன்றிலும் வேறு.

1. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. இப்படி வரும் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இதுதான். கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. மன உளைச்சலோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரொனி பஃபிங்டன் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார்கள். பக்கத்துக் காணியில் தொடர்மாடி எழும்பும் சத்தம், புது வருடத்துக்கும் தீபாவளிக்கும் வெடிக்கும் பட்டாசு, வீட்டுக்குள் புதிதாக வந்த இன்னொரு பூனை, ஓடும் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்த மணல் தட்டு, இவையெல்லாம் போதும்.

2. ஸ்ட்ருவைட் கல். மக்னீசியம், அமோனியம், பொஸ்பேட் மூன்றும் சேர்ந்தது. சிறுநீர் காரத்தன்மைப் பக்கம் சாயும்போது உருவாகும். நாய்க்கு இது பெரும்பாலும் கிருமித் தொற்றோடு வரும், பூனைக்குத் தொற்று இல்லாமலே வரும். நல்ல செய்தி என்னவென்றால், சரியான மருத்துவ உணவைக் கொடுத்தால் சில வாரங்களில் இது கரைந்துவிடும்.

3. கல்சியம் ஒக்சலேட் கல். அமிலத்தன்மை கூடிய சிறுநீரில் இதற்கு வாய்ப்புக் கூடுதல். பேர்சியன், ஹிமாலயன் இனங்களில் அதிகம் வரும். எந்த உணவாலும் இதைக் கரைக்க முடியாது. பெரிதாகிவிட்டால் சத்திர சிகிச்சைதான்.

4. அடைப்புக் கட்டி. சளியும் புரதமும் படிகங்களும் சேர்ந்து திரண்டது. கடுவனின் ஒடுங்கிய வழியில் போய்ச் செருகிக்கொள்வது பெரும்பாலும் இதுதான்.

கிருமித் தொற்று ஏன் இந்த வரிசையில் இல்லை என்று கேட்கலாம். இளம் பூனைகளுக்கு அது அரிது. பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கும், சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவற்றுக்கும்தான் கூடுதலாக வருகிறது. அப்படியிருந்தும் அன்டிபயோட்டிக் கொடுத்ததும் சுகமாகிவிட்டது என்று பலர் சொல்வதற்கு ஒரு விளக்கம் உண்டு. மேலே முதலாவதாகச் சொன்ன அழற்சி, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். பெயர் மருந்துக்குப் போகிறது. நோய் சில மாதத்தில் திரும்பி வரும்போது, இதே மருந்தை இன்னொரு தடவை வாங்குவோம் என்று தோன்றும்.

## 1980களில் நடந்த தலைகீழ் மாற்றம்

சாப்பாட்டை மாற்றினால் கல்லின் வகையே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஒரு காலத்தில் தீனியிலுள்ள 'சாம்பல்', அதாவது எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள் எல்லாமே குற்றவாளி என்று கருதினார்கள். பிறகு மக்னீசியம் என்றார்கள். அதன்பின், மக்னீசியத்தைவிடச் சிறுநீரின் பி.எச்., அதாவது அது அமிலமா காரமா என்று காட்டும் அளவே பெரிய காரணி என்பது தெளிவானது. 1980களில் தீனி தயாரிப்பவர்கள் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் பொருள்களைச் சேர்த்தார்கள்.

ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆனால் கல்சியம் ஒக்சலேட் ஏறத் தொடங்கியது. 1981 முதல் உலகெங்கிலுமிருந்து கற்களை வாங்கிப் பரிசோதித்துவரும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மையத்தில், தொடக்கத்தில் பெரும்பான்மை ஸ்ட்ருவைட். 1990களில் கல்சியம் ஒக்சலேட் அதை முந்திவிட்டது. உடலை ஓயாமல் அமிலப் பக்கம் தள்ளினால் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து சிறுநீரில் சேரும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

நமக்கு இதில் நேரடியான எச்சரிக்கை இருக்கிறது. எந்தக் கல் என்று தெரியாமல் சிறுநீரை அமிலமாக்கும் தூளையோ வில்லையையோ வாங்கிக் கொடுப்பது ஒரு கல்லைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை வரவழைப்பதில் முடியலாம். விற்றமின் சி கொடுப்பது இன்னும் மோசம். உடலுக்குள் அதில் ஒரு பகுதி ஒக்சலேட்டாகவே மாறும்.

## நம் வீட்டுக் கிண்ணங்களில் இருப்பது

சோறும் மீனும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூடை, சாளையை அவித்துச் சோற்றோடு பிசைந்து வைப்பதுதான் இங்கே பழைய வழக்கம். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒதுக்கித் தள்ளத் தோன்றவில்லை. அவித்த மீனிலும் சோற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அந்த ஒரு கணக்கில் உலர் தீனியை இது வென்றுவிடும்.

குறை வேறு இடங்களில் இருக்கிறது. கிண்ணத்தில் முக்கால்வாசி சோறாக இருந்தால் சிறுநீர் காரப் பக்கம் சாயும். மீனை முள்ளோடு சேர்த்து நிறையக் கொடுத்தால் பொஸ்பரசும் மக்னீசியமும் ஏறும். இரண்டும் சேர்ந்தால் ஸ்ட்ருவைட்டுக்கு வேண்டிய சூழல் வந்துவிடும். பச்சை மீனில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதி உள்ள வகைகள் பல உண்டு. எண்ணெய் கூடிய மீனை மட்டுமே நாள் கணக்கில் கொடுத்தால் விற்றமின் ஈ பற்றாமல் உடற்கொழுப்பு அழற்சி வரும். ரோரின் என்ற அமினோ அமிலம் இன்னொரு விஷயம். பூனையால் தன் உடலிலேயே போதிய ரோரினை உண்டாக்க முடியாது. அது பற்றாவிட்டால் இதயத்தசை பலவீனமாகும் என்பதை 1987 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். மீனில் ரோரின் நிறைய உண்டு, ஆனால் அவிக்கும்போது தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றிவிட்டு மீனை மட்டும் கொடுக்கிறோம்.

கறிச்சட்டியில் மிஞ்சியது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். குழம்பைக் கழுவிவிட்டுக் கொடுத்தாலும் சாறு உள்ளே ஊறித்தான் இருக்கும். கருவாடு உப்புக்காகத் தவிர்க்க வேண்டியது.

சைவ வீட்டுச் சாப்பாடு. பால்சோறு, தயிர்ச்சோறு, பாலில் ஊறிய பிஸ்கட். அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பூனை ஊன் தின்றே வாழ வேண்டிய உயிர். தாவர உணவு அதன் சிறுநீரைக் காரமாக்கும், ரோரினும் கிடைக்காது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை, வயிற்றாலை போகும். அதனால் உடல் இன்னும் தண்ணீரை இழக்கும். சைவ வீடுகளில் மட்டுமல்ல, கந்தசஷ்டி ஆறு நாளும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் பிடிக்கும் வீடுகளிலும் மீன் நின்றுவிடும். பூனை திடீரென்று முழுக்க முழுக்க உலர் தீனிக்கு மாறுவது அந்த நாட்களில்தான். அதுவரைக்குமாவது பூனைக்கென்று செய்த ஈரத் தீனிப் பைகளை வாங்கி வைத்திருப்பது நல்லது. வீட்டில் சமைக்கத் தேவையில்லை.

உலர் தீனி. சமச்சீர் உணவு என்று பையில் எழுதியிருந்தால் சத்துகளைப் பொறுத்தவரை வீட்டுச் சோற்றைவிட நிறைவானது. தண்ணீர் ஒன்றுதான் அதில் இல்லை. உலர் தீனி தின்றே கடைசிவரை சுகமாக இருக்கும் பூனைகளும் ஏராளம். எனவே அது நஞ்சு என்று பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனால் ஒரு தடவை அடைபட்டு மீண்ட கடுவனுக்கு உலர் தீனியை மட்டுமே தொடர்வது என் பார்வையில் தவறு. அப்படிப்பட்ட பூனைக்கு மீண்டும் அடைப்பது அரிதல்ல.

## குழாய்த் தண்ணீரா காரணம்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்களுக்குத் தண்ணீர் மீதான சந்தேகம் இயல்பானது. அங்கே சுண்ணாம்புக் கல்லில் தோண்டிய கிணறு, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவு. கொழும்புக்கு வருவது பெரும்பாலும் களனி ஆற்று நீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்க நீரும். அது மென்மையானது. கேத்திலில் படிவது கல்சியம் காபனேற்று, பூனையின் பையில் வளர்வது அதுவல்ல. கல்லுக்கு வேண்டிய தாதுக்களில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. கடின நீரானாலும் நிறையக் குடிக்கும் பூனைதான், மென்னீரைக் கொஞ்சமாகக் குடிக்கும் பூனையைவிடப் பாதுகாப்பானது.

கருத்தடையைப் பற்றியும் இதே வகைச் சந்தேகம். கருத்தடை செய்தால் சிறுநீர் வழி வளராமல் ஒடுங்கிவிடும் என்கிறார்கள். அளந்து பார்த்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. நடப்பது வேறு: பசி கூடும், ஓட்டம் குறையும், எடை ஏறும். தொடர்மாடிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் கொழுத்த கடுவனுக்குத்தான் ஆபத்து அதிகம். சாப்பாட்டை அளந்து போடுவதே அதற்கு வழி, கருத்தடையைத் தவிர்ப்பதல்ல.

## தண்ணீரை உள்ளே கொண்டுபோவது

ஈரத் தீனியை முழுதாக வாங்கப் பலருக்குக் கட்டாது. பாதி வழி போனாலும் பலன் உண்டு. ஒரு 85 கிராம் பையில் கிட்டத்தட்ட 65 மில்லிலீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதை இன்னும் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தால் ஒரு நாள் தேவையில் பாதிக்கு அருகில் வந்துவிடும். உலர் தீனியை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

மீன் அவிக்கும் வீடுகளுக்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது. குடலும் செதிலும் நீக்கிய மீனை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவுமில்லாமல், மூடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் வேகவிடுங்கள். சதை முள்ளை விட்டு விலகியதும் இறக்கி, முள்ளை எடுத்துவிடுங்கள். அவித்த தண்ணீரை வடித்துப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால், வேளைக்கு ஒரு கட்டியாக எடுத்து இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றலாம். மீன் மணம் இருப்பதால் குடிக்காத பூனையும் கிண்ணத்தை வழித்துவிடும். ரோரினும் வீணாகாது. மீன் மட்டுமே உணவாகாமல் கோழி இறைச்சி, கோழி ஈரல் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதும், சமச்சீர் தீனி ஒன்றை அடிப்படையாக வைத்திருப்பதும் அவசியம்.

கிண்ணத்தைப் பற்றி: அகலமானது, விளிம்புவரை நிறைந்தது, சாப்பாட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி வைத்தது. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். தட்டு அழுக்காக இருந்தால் சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கும் விலங்கு அது.

## மருத்துவ உணவும் சிறுநீர்ப் பரிசோதனையும்

கடையில் தொங்கும் 'யூரினரி' பைகளெல்லாம் ஒரே தரமல்ல. சில, நலமான பூனைக்குத் தினமும் கொடுக்கும் சாதாரணத் தீனி. வேறு சில, மிருக வைத்தியர் சொல்லிக் கொடுக்க வேண்டிய மருத்துவ உணவு. இரண்டாவது வகை மக்னீசியம், பொஸ்பரஸ், பி.எச். மூன்றையும் கட்டுப்படுத்தி ஸ்ட்ருவைட்டைக் கரைக்கும். சிலவற்றில் தாகம் கூட்ட உப்பைச் சற்று உயர்த்தியிருப்பார்கள். குட்டிகளுக்கும், சினைப் பூனைக்கும், சிறுநீரகம் பழுதான பூனைக்கும் அது பொருந்தாமல் போகலாம். கொடுக்கத் தொடங்கினால் அதை மட்டுமே கொடுக்க வேண்டும். பக்கத்தில் சூடை மீனும் பாலும் வைத்தால் கரையும் வேலை நடக்காது. சில வாரங்களில் எக்ஸ்ரேயோ ஸ்கானோ எடுத்துப் பார்க்க வேண்டும். கல் அளவில் குறையவே இல்லையென்றால் அது ஸ்ட்ருவைட் அல்ல என்று எடுத்துக்கொண்டு அடுத்த வழியை யோசிப்பார்கள்.

சிறுநீரைப் பரிசோதிக்கும்போது வைத்தியரிடம் அடர்த்தி எண்ணை (தண்ணீரை 1.000 என்று வைத்துக் கணக்கிடுவது) கேட்டு வாங்குங்கள். 1.035 க்குக் கீழே கொண்டுவருவதுதான் பொதுவான இலக்கு. படிகம் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தால் மட்டும் பதற வேண்டாம். நலமான பூனையின் அடர்ந்த சிறுநீரிலும் படிகம் தெரியும். மாதிரி எடுத்து எவ்வளவு நேரத்தில் பார்த்தார்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஆறவிட்ட சிறுநீரில், பூனையின் உடலுக்குள் இல்லாத படிகங்கள் போத்தலுக்குள்ளேயே பிரிந்துவிடும். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் பார்த்த மாதிரியைத்தான் நம்பலாம். கொழும்பு வாகன நெரிசலில் வீட்டிலிருந்து போத்தலைக் கொண்டு போவதைவிட, பூனையையே கொண்டு போய் அங்கேயே மாதிரி எடுப்பது மேல்.